ஸைனப் என்ற பெயரின் பொருள் என்ன? அது எவ்வளவு பழைய பெயர்?

பிறக்கவிருக்கும் மகளுக்கு ஸைனப் என்று பெயரிட விரும்புவதாகவும், பெயர்ப் பட்டியல்களில் அதற்குத் ‘தந்தையின் அழகு’ என்று போட்டிருப்பது சரிதானா, பெயரின் வரலாறு என்ன, இன்றும் அதை வைக்கிறார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

‘தந்தையின் அழகு’ என்பதைத் தவறென்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதையே முதற்பொருளாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அழகு அல்லது அணி எனப் பொருள்படும் ‘ஸைன்’, தந்தை எனப் பொருள்படும் ‘அப்’ ஆகிய இரண்டும் சேர்ந்து இப்பெயர் உருவானது என்ற விளக்கத்தை ஃபைரூஸாபாதியின் ‘அல்காமூஸ்’ அகராதி மாற்றுக் கருத்தாகவே தருகிறது. இப்னு மன்ஸூர் 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதியோ, ஸைனப் என்பது பார்வைக்கு அழகும் நறுமணமும் உடைய ஒரு மரம் என்றும், அதைக் கொண்டே பெண்களுக்கு அப்பெயர் இடப்பட்டது என்றும் கூறுகிறது. உடற்பூரிப்பைக் குறிக்கும் ஒரு வேர்ச்சொல்லோடும் இப்பெயரை இணைத்திருக்கிறார்கள். யாராவது என்னிடம் பொருள் கேட்டால், நான் மரத்தைத்தான் சொல்வேன். சிரியாவின் பண்டைய நகரமான பல்மைராவை 3ஆம் நூற்றாண்டில் ஆண்ட அரசி ஸெனோபியாவின் பெயரும் இதுவும் ஒன்றே என்று சில தளங்கள் எழுதுகின்றன; ஒலி ஒற்றுமையைத் தவிர அதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

பெயர் இஸ்லாத்துக்கு முந்தையது. நபிகள் நாயகத்தின் மூத்த மகளுக்கு இப்பெயர் இடப்பட்டபோது அவருக்கு நபித்துவம் அருளப்பட்டிருக்கவில்லை. அந்த மகளின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. 624இல் நடந்த பத்ருப் போரில் மக்காவின் தரப்பில் வந்த அவருடைய கணவர் அபுல் ஆஸ் சிறைப்பட்டபோது, அவரை மீட்பதற்காக, தம் திருமணத்தின்போது தாயார் கதீஜா அணிவித்த கழுத்துமாலையை ஸைனப் மதீனாவுக்கு அனுப்பினார். மறைந்த மனைவியின் மாலையைக் கண்ட நபிகள் மனம் நெகிழ்ந்து, தோழர்களின் சம்மதத்தோடு மாலையைத் திருப்பி அனுப்பிக் கைதியையும் விடுவித்தார்.

நபிகளின் மனைவியரிலும் இருவர் ஸைனப்கள். ஏழைகளுக்கு உணவளித்ததால் ‘ஏழைகளின் தாய்’ என்று அழைக்கப்பட்ட ஸைனப் பின்த் குஸைமா ஒருவர். தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதைத் தர்மம் செய்த ஸைனப் பின்த் ஜஹ்ஷ் மற்றவர். இரண்டாமவரின் முதற்பெயர் பர்ரா, அதாவது ‘நற்பண்பினள்’. தன்னைத் தானே தூயவள் என்று சொல்லிக்கொள்வதுபோல் அது இருந்ததால் நபிகள் அதை ஸைனப் என்று மாற்றினார் என்று, அவருடைய சொல், செயல்களைத் தொகுத்த ஹதீஸ் நூல்களில் காணலாம். பெருமை பேசாத பெயராக அன்றைய காதுகளுக்கு ஸைனப் ஒலித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஆயினும், இப்பெயருக்கு இன்றுள்ள கனத்தில் பெரும்பங்கு நபிகளின் பேத்தி, அலீ–ஃபாத்திமா தம்பதியின் மகள் ஸைனபுக்கே உரியது. 680இல், இன்றைய ஈராக்கிலுள்ள கர்பலாவில் நடந்த போரில் சகோதரர் ஹுசைனும் குடும்பத்து ஆண்களும் கொல்லப்பட்ட பின், கைதியாக டமாஸ்கஸுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், அன்றைய உமையா ஆட்சியாளர் யஸீதின் அவையிலேயே அவனைக் கண்டித்துப் பேசினார். டமாஸ்கஸுக்குத் தெற்கே அவருடைய நினைவிடம் இருக்கிறது. கெய்ரோவிலோ ஒரு பள்ளிவாசலும் அதைச் சூழ்ந்த பேட்டையும் அவர் பெயரால் வழங்குகின்றன. ஈரானில் அவருடைய பிறந்தநாளையே செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். சில பெயர்கள் ஷியா, சுன்னி என்ற பிரிவைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸைனப் இரு தரப்பாரும் தயக்கமின்றி வைக்கும் பெயர்.

இன்றும் வைக்கிறார்களா என்றால், தாராளமாக வைக்கிறார்கள். துருக்கியில் இது ஸெய்னெப் என்ற வடிவில் 2010களில் பல ஆண்டுகள் பெண் குழந்தைப் பெயர்களில் முதலிடத்தில் இருந்தது. சோமாலியாவில் சைனப், செனகலில் செய்னபு என்று வழங்குகிறது. தமிழ் முஸ்லிம்களின் முந்தைய தலைமுறையில் ஜெய்னம்பு என்று கேட்டிருப்பீர்கள். அதுவும் இதே பெயர்தான்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரபியின் முதல் ஒலிக்கு நேரான எழுத்து தமிழில் இல்லாததால் ஸைனப், ஜைனப், ஜைனபு என்று பலவாறு எழுதுவார்கள்; எதுவும் பிழையன்று. பிறப்புச் சான்றிதழில் எழுதும் வடிவத்தையே பள்ளியிலும் கடவுச்சீட்டிலும் மாற்றாமல் எழுதுங்கள்.