கோப்பு இருக்கிறது, தேடினால் வருவதில்லை, ஏன்?

கேள்வி: சைதாப்பேட்டையில் ஆவண எழுத்தராக இருக்கிறேன். பல ஆண்டுப் பத்திர நகல்கள் கணினியின் டி டிரைவில் உள்ளன. பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. விண்டோஸ் 11 தேடல் பெட்டியில் 'வேளச்சேரி' என்று தட்டினால் இணையத் தகவல்கள்தான் கொட்டுகின்றன. என் கோப்பு ஒன்றுகூட வருவதில்லை. புதுக் கணினி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கணினியிலும் பழுதில்லை, உங்கள் மீதும் தவறில்லை. எங்கே தேடினேன், எதைப் படிக்க முடியவில்லை என்பதை அந்தப் பெட்டி சொல்வதே இல்லை. கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, நகல் தொலைந்தேவிட்டதோ என்று உங்களைப் பதற வைப்பது அதுதான். இதை வடிவமைப்பின் குறை என்றே சொல்வேன்.

முதலில் இடம். விண்டோஸ் தேடல், முன்கூட்டியே தயாரித்து வைத்த ஓர் அட்டவணையைத்தான் பார்க்கிறது. வழக்கமான 'கிளாசிக்' அமைப்பில் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்றவையே அதில் ஏறும். டி டிரைவ் ஏறாது. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் தேடலுக்கான பக்கத்தைத் திறந்து 'என்ஹான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அட்டவணை உருவாக நேரம் பிடிக்கும். இரவு முழுதும் கணினியை ஓட விடுங்கள். அதன்பின் ஸ்டார்ட் மெனுவை விட்டுவிட்டு, கோப்புறையைத் திறந்து அதற்குள்ளேயே தேடினால் இணையத் தொல்லையும் இராது.

இதற்குப் பிறகும் 'வேளச்சேரி' வராது. உண்மையான சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. பாமினியில் நீங்கள் 'தமிழ்' என்று அடிக்கும்போது கோப்பில் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரையில் மட்டுமே அது தமிழ். தேடல் பெட்டியில் நீங்கள் தட்டுவதோ யூனிகோடு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறை. இரண்டும் எப்படிப் பொருந்தும்? தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதனால் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை.

எழுத்துரு மாற்றி மென்பொருளால் மாற்றலாம். ஆனால் அசலை அழிக்காதீர்கள். பத்திரத்தில் ஆங்கிலத்தில் உள்ள பான் எண்ணையும் பாமினி என்று எண்ணி அது சிதைத்துவிடும். மாற்றியதை வரி வரியாகச் சரிபார்க்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. பாமினியிலும் இலக்கங்கள் இலக்கங்களாகவே இருக்கும். எனவே ஊர்ப்பெயரை விட்டுவிட்டு சர்வே எண்ணையோ ஆவண எண்ணையோ கொடுத்துத் தேடுங்கள். பழைய கோப்புகளை எட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கோப்புப் பெயர்களையும் கவனியுங்கள். எழும்பூரை ஒருநாள் 'எழும்பூர்' என்றும் மறுநாள் 'எக்மோர்' என்றும் எழுதி வைத்தால் கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். ஒரே வடிவத்தை முடிவு செய்து, ஆண்டு, ஊர், ஆவண எண் என்ற வரிசையில் இன்றிலிருந்தே பெயரிடுங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். வெறும் படம்தான், உள்ளே தேட எழுத்தே கிடையாது. அவற்றுக்கு இந்தப் பெயர் ஒன்றே பிடி என்பதால் அவற்றிலிருந்து தொடங்குங்கள்.