ஜாங்கோவில் தொடர்புடைய ரெக்கார்ட் கிடைக்காதபோது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஜாங்கோல (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) யூசரோடு ஒன்-டு-ஒன்னில், அதாவது ஒரு யூசருக்கு ஒரே ஒரு ப்ரொஃபைல்னு, ப்ரொஃபைல் மாடல் (டேபிளோட வரையறை) இருக்கு. ப்ரொஃபைல் இல்லாத யூசர் வந்தா வியூ (ரிக்வெஸ்ட்டைக் கையாளுற பைத்தான் கோடு) 'யூசர் ஹேஸ் நோ ப்ரொஃபைல்'னு விழுந்துடுது. டெம்ப்ளேட்ல (பக்கத்தை வரையுற ஃபைல்) அதே வரி சத்தமில்லாம ஓடுது. ஏன்?

பதில்: டெம்ப்ளேட்லயும் அதே எரர்தான் தம்பி, ஜாங்கோ முழுங்கிடுது. அந்த இடம் காலியா அச்சாகும், அவ்வளவுதான். வியூல ஹாஸ்அட்டர் (ஆப்ஜெக்ட்ல அந்த அட்ரிபியூட் இருக்கான்னு கேட்கிற பைத்தான் ஃபங்ஷன்) வெச்சுப் பாருங்க; அட்ரிபியூட் எரர் வந்தா அது 'இல்லை'னு எடுத்துக்கும். இந்த எரர் அட்ரிபியூட் எரரோட வாரிசும்கூட, அதனால ஒழுங்கா ஃபால்ஸ் வரும். வெறும் எக்ஸெப்ட் போட்டு மூடிடாதீங்க, உள்ள இருக்கிற எழுத்துப்பிழையும் சேர்ந்து மறைஞ்சுடும்.

கேள்வி: போஸ்ட் சேவ் சிக்னல்லதான் (ரெக்கார்ட் சேவ் ஆனதும் தானா ஓடுறது) ப்ரொஃபைல் உருவாக்குறேன். ஆனாலும் சிலருக்கு இல்லையே?

பதில்: பல்க் க்ரியேட்ல (பல ரெக்கார்டை மொத்தமா சேர்க்கிறது) வந்தவங்களா பாருங்க. அங்க அந்த சிக்னல் ஓடாது. சிக்னல் எழுதுறதுக்கு முன்னாடியே இருந்த பழைய யூசர்களும் உண்டு.

கேள்வி: ஆர்டர் லிஸ்ட்ல 'கஸ்டமர் மேட்சிங் கொயரி டஸ் நாட் எக்ஸிஸ்ட்'னு வந்துச்சு. செலக்ட் ரிலேட்டட் (தொடர்புடைய ரோவையும் ஒரே கொயரில எடுக்கிறது) சேர்த்தேன், எரர் போயிடுச்சு. ஆனா கவுன்ட் 120 காட்டுது, லிஸ்ட்ல 118தான் இருக்கு.

பதில்: எரர் போகலை சார், ரெண்டு ஆர்டர் போயிடுச்சு! நல் (காலி மதிப்பு) அனுமதிக்காத ஃபாரின் கீக்கு (இன்னொரு டேபிளோட ரோவைச் சுட்டுற ஐடி) செலக்ட் ரிலேட்டட் இன்னர் ஜாயின் போடும், அதாவது ரெண்டு டேபிள்லயும் ஜோடி இருக்கிற ரோவை மட்டும் எடுக்கும். கஸ்டமர் ரோ இல்லாத ஆர்டர் அந்த ஜாயின்ல கழன்றுடும். கவுன்ட் அந்த ஜாயினைச் செய்யாது, அதான் 120. முந்தி வந்த எரரே தேவலை, அது உண்மையைச் சொல்லுச்சு.

அந்த ரெண்டையும் 'கஸ்டமர் ஈஸ் நல்'னு தேடினா சிக்காது. ஆர்டர் டேபிளோட கஸ்டமர் நெடுவரிசைல (காலம்) ஐடி இருக்கு, அந்த ஐடிக்குரிய ஆள்தான் இல்லை. கஸ்டமர் டேபிள்ல இருக்கிற ஐடிகளையெல்லாம் எக்ஸ்க்ளூட் பண்ணுங்க, மிச்சம் நிக்கிறதுதான் அனாதை ஆர்டர். அப்புறம் டேபிள்ல ஃபாரின் கீ கன்ஸ்ட்ரெய்ன்ட் (இல்லாத ஐடியை ஏத்துக்காத டேட்டாபேஸ் விதி) நிஜமாவே இருக்கான்னு பாருங்க. பழைய மைஎஸ்க்யூஎல் மைஐசாம் (ஒரு ஸ்டோரேஜ் வகை) டேபிளா இருந்தா இருக்காது, எழுதினாலும் கண்டுக்காது. மாடல்ல டிபி கன்ஸ்ட்ரெய்ன்ட் ஃபால்ஸ்னு யாராவது வெச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. அனாதைகளை ஒழுங்குபடுத்தாம கன்ஸ்ட்ரெய்ன்ட் போடப் போனா டேட்டாபேஸ் ஏத்துக்காது. நான் அந்த ஆர்டர்களை அழிக்க மாட்டேன், கணக்குல பணம் இருக்குமே. 'நீக்கப்பட்ட வாடிக்கையாளர்'னு ஒரு ரோ போட்டு அதுல கட்டிடுவேன்.

கேள்வி: சாஃப்ட் டிலீட்டுக்கு (ரோவை அழிக்காம 'அழிச்சாச்சு'னு குறிக்கிறது) கஸ்டமர் மாடலோட மேனேஜர்ல (ரெக்கார்டுகளை எடுத்துத் தர்ற பகுதி) ஃபில்டர் வெச்சிருக்கேன். ஆனா ஆர்டர் வழியா போனா அழிச்ச கஸ்டமரும் வர்றாரே?

பதில்: வரத்தான் செய்யும். ஃபாரின் கீ வழியா போகும்போது ஜாங்கோ உங்க மேனேஜரை விட்டுட்டு, ஃபில்டர் இல்லாத பேஸ் மேனேஜரைத்தான் எடுக்கும். அதுலயும் ஃபில்டரை ஏத்தினீங்கன்னா, மேல சார் கேட்ட அதே 'டஸ் நாட் எக்ஸிஸ்ட்' உங்க பழைய ஆர்டர்லயும் வரும்.