ஐகன் மதிப்புகள் தெரிந்தால் மூடிய ஜியோடெசிக்குகளின் நீளம் தெரிந்துவிடுமா?

கேள்வி: ஒரு ஹைபர்போலிக் பரப்பின் லாப்லாசியன் ஐகன் மதிப்புகளுக்கும், அதன் மேல் உள்ள மூடிய ஜியோடெசிக்குகளுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றை வைத்து மற்றதைக் கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். ஹைபர்போலிக் பரப்பு என்றால் எங்கும் ஒரே அளவு எதிர்ம வளைவு (−1) கொண்ட பரப்பு. அதை ஒரு மேளத் தோலாக நினைத்தால், அது எந்தெந்த வேகங்களில் அதிரும் என்பதைச் சொல்லும் எண்கள்தான் லாப்லாசியன் ஐகன் மதிப்புகள். மூடிய ஜியோடெசிக் என்பது பரப்பின் மேல் நேராகவே போய், புறப்பட்ட இடத்துக்கே அதே திசையில் வந்து சேரும் பாதை. பரப்பு விளிம்பில்லாமல், முடிவிலிக்கு ஓடாமல் இருந்தால், ஐகன் மதிப்புப் பட்டியலும் மூடிய ஜியோடெசிக்குகளின் நீளப் பட்டியலும் ஒன்றையொன்று முழுதாகத் தீர்மானிக்கும். 1959இல் ஹ்யூபர் நிறுவியது இது.

ஆனால் ‘இந்த ஐகன் மதிப்பு இந்த ஜியோடெசிக்குக்கு உரியது’ என்று ஜோடி சேர்க்க முடியாது. பலரும் தடுமாறுவது இங்கேதான். ஜீனஸ் (துளைகளின் எண்ணிக்கை) 2 கொண்ட போல்சா பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சியத்தை விட்டால் முதல் ஐகன் மதிப்பு சுமார் 3.839, மிகக் குறுகிய மூடிய ஜியோடெசிக்கின் நீளம் சுமார் 3.057. இந்த இரண்டு எண்களை மட்டும் எதிரெதிரே வைத்துப் பார்த்து ஒரு பயனும் இல்லை.

இணைப்பைத் தருவது செல்பெர்க்கின் டிரேஸ் சூத்திரம். ஒழுங்கான ஒரு சோதனைச் சார்பை எடுத்து எல்லா ஐகன் மதிப்புகளிலும் மதிப்பிட்டுக் கூட்டினால் ஒரு பக்கம். மறுபக்கத்தில் பரப்பளவைச் சார்ந்த ஓர் உறுப்பும், அந்தச் சார்பின் ஃபூரியே உருமாற்றத்தை (சார்பை அலைகளாகப் பிரித்தால் எந்த அலை எவ்வளவு என்று சொல்வது) எல்லா ஜியோடெசிக் நீளங்களிலும் மதிப்பிட்டு, தக்க எடை கொடுத்துக் கூட்டிய தொகையும் வரும். ஒரே ஒரு நீளத்தைப் பிரித்தெடுக்க வேண்டுமா? உருமாற்றத்தை அந்த நீளத்தைச் சுற்றிக் குறுக்க வேண்டும். குறுக்கினால் மூலச் சார்பு அகன்றுவிடும். அப்புறம் மேலே போகப் போக எண்ணற்ற ஐகன் மதிப்புகள் தேவைப்படும். பட்டியலுக்குப் பட்டியல்தான் உறவு.

இந்தச் சூத்திரம் 1956இல் வெளியானது நம் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில். 1911இல் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்த அதே இதழ். இதைச் சொன்னால் கணிதம் படித்தவர்களே நம்ப மறுக்கிறார்கள்!

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பகா எண்களோடு உள்ள ஒற்றுமை. ஒரு மூடிய ஜியோடெசிக்கையே திரும்பத் திரும்பச் சுற்றுவதைக் கழித்துவிட்டு, மற்றவற்றைத் திசையோடு எண்ணுங்கள். நீளத்தின் எக்ஸ்பொனென்ஷியலை அதன் ‘அளவு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அளவுக்குள் அடங்கும் ஜியோடெசிக்குகளின் எண்ணிக்கை, அந்த அளவை அதன் இயல் மடக்கையால் வகுத்தால் வருவதை நெருங்கும். அப்படியே பகா எண் தேற்றம். கணிப்பில் ஏற்படும் பெரிய விலகல்களுக்குக் காரணம் 1/4க்குக் கீழே உள்ள ஐகன் மதிப்புகள். பகா எண்களின் பரவலோடு பிணைந்த ஸீட்டா சார்பில், ரீமான் ஊகித்த கோட்டிலிருந்து விலகிய பூச்சியம் இருந்தால் அது செய்யக்கூடிய குழப்பத்தை, இங்கே இவை செய்கின்றன.

சரி, பட்டியல் கிடைத்துவிட்டால் பரப்பின் வடிவமும் தெரிந்துவிடுமா? பரப்பளவு தெரியும், அதிலிருந்து ஜீனஸும் தெரியும். வடிவம் பெரும்பாலான பரப்புகளுக்குத் தீர்மானமாகிவிடும் என்று வோல்பெர்ட் 1979இல் காட்டினார். எல்லாவற்றுக்கும் அல்ல: ஒரே பட்டியல் கொண்ட வெவ்வேறு ஹைபர்போலிக் பரப்புகளை 1980இல் விக்னெராஸ் கட்டிக் காட்டினார். 1985இல் சுனாடா, குலக் கோட்பாட்டை வைத்து இத்தகைய ஜோடிகளை உண்டாக்கும் எளிய வழியைக் கொடுத்தார். ஒரே பட்டியலைப் பகிரும் பரப்புகள் எத்தனை இருக்கலாம் என்பதற்கு பூசர் ஒரு மேல்வரம்பு தந்திருக்கிறார்: ஜீனஸின் வர்க்கத்தை 720ஆல் பெருக்கி, அதன் எக்ஸ்பொனென்ஷியலை எடுக்க வேண்டும். உண்மையான எண்ணிக்கை அதற்குப் பக்கத்தில்கூடப் போகாது என்பது என் ஊகம்.