வரைபடத்தில் 12 அடி, அறையில் 11 அடி 2 அங்குலம்: வழக்குத் தொடரலாமா?

கேள்வி: தஞ்சாவூருக்கு அருகே எங்கள் மனையில் வீடு கட்டும் வேலையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் 34 லட்சம் ரூபாய்க்கு ஒப்படைத்தோம். வரைபடத்தில் 12 அடி என்றிருக்கும் படுக்கையறை, பூச்சு முடிந்தபின் 11 அடி 2 அங்குலம்தான் இருக்கிறது. போர்டிகோவுக்கு 10 அடி என்று கணக்கிட்டுப் பணம் கேட்கிறார். வரைபடத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளந்தால் 7 அடிதான் வருகிறது. வீடு முழுவதும் ஓட வேண்டிய லிண்டல் (கதவு சன்னல் மட்டத்துக்கு மேல் சுவரில் போடும் கான்கிரீட் பட்டை), கதவு சன்னல்களுக்கு மேல் மட்டுமே போடப்பட்டிருக்கிறது. கேட்டதற்கு வேலையாட்கள் முன்னிலையில் என்னையும் என் மனைவியையும் இழிவாகப் பேசினார். பின்புறம் நாங்கள் கேட்டுக் கட்டிய கழிப்பறைக்குத் தனியாகப் பணம் கொடுத்துவிட்டோம். கடைசித் தவணை 3.5 லட்சத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். மோசடி வழக்கும் நுகர்வோர் வழக்கும் தொடர விரும்புகிறேன். தாள்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: ஒப்பந்தக்காரர் பேசிய பேச்சு உங்களை வருத்தியிருக்கும் என்பதில் ஐயமில்லை, ஆனால் அதை வைத்து வழக்கு நிற்காது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட உங்களிடம் எதுவும் இல்லாததால், மோசடிப் புகாரைக் காவல் நிலையத்தில் உரிமையியல் தகராறு என்று முடித்துவிடுவார்கள். உங்கள் வழக்கில் சட்டப்படி பொருட்படுத்த வேண்டிய கேள்வி ஒன்றே: நீங்கள் அனுப்பிய நான்கு தாள்களில் (சென்டர் லைன் தாள், கையெழுத்திட்ட வேலை வரைபடம், அதன் திருத்தம் 2, அனுமதி வரைபடம்) எது உங்கள் இருவரையும் கட்டுப்படுத்துகிறது?

முதலில் படுக்கையறை. நீங்கள் காட்டும் 12 அடி, தூண்களை நிறுத்துவதற்காகப் போட்ட சென்டர் லைன் தாளில் இருக்கிறது. அது ஒரு சுவரின் நடுக்கோட்டிலிருந்து எதிர்ச்சுவரின் நடுக்கோடு வரையுள்ள அளவு. இருபுறமும் 9 அங்குலச் சுவர் என்றால் பக்கத்துக்கு நாலரை அங்குலம் கழிந்து 11 அடி 3 அங்குலம் வரும். பக்கத்துக்கு அரை அங்குலம் பூச்சு சேர்ந்தால் 11 அடி 2 அங்குலம். ஒப்பந்தத்தோடு கையெழுத்திட்ட வேலை வரைபடத்தில், அறையின் பெயருக்குக் கீழே உள்கூடு அளவாக, அதாவது சுவர்களுக்கு இடையே உள்ள அளவாக, 11 அடி 3 அங்குலம் என்றே எழுதியிருக்கிறது. "உள்ளே முழுதாக 12 அடி வரும் என்று வாயால் சொன்னார்" என்று நீங்கள் எழுதியிருப்பது பயன்படாது. எழுத்தில் முடிந்த ஒப்பந்தத்தின் நிபந்தனையை வாய்மொழிச் சாட்சியத்தால் மாற்ற, பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 95-ஆம் பிரிவு இடம் கொடுக்காது.

போர்டிகோவிலும் உங்களுக்கு வழக்கில்லை. போர்டிகோ உள்ள தாள் ஏ3 அளவில் 1:100 விகிதத்தில் வரையப்பட்டது. நீங்கள் ஸ்கேல் வைத்ததோ ஏ4 தாளில் எடுத்த பிரதியில். ஏ3-ஐ ஏ4-க்குச் சுருக்கினால் ஒவ்வொரு கோடும் ஏறத்தாழ 71 சதவீதமாகக் குறைந்துவிடும், எனவே 10 அடி 7 அடியாகத்தான் தெரியும். எழுதிய அளவையே பின்பற்ற வேண்டும், ஸ்கேல் வைத்து எடுத்த அளவைக் கொள்ளக்கூடாது என்ற குறிப்பு அதே தாளின் ஓரத்தில் இருக்கிறது. போர்டிகோவைக் காட்டும் விட்டுவிட்டு வரும் கோடு உங்களைக் குழப்பியிருக்கலாம். தளப்படம் என்பது வீட்டைத் தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடி உயரத்தில் கிடையாக வெட்டி மேலிருந்து பார்ப்பது. அந்த வெட்டுக்கு மேலே இருக்கும் கூரை விளிம்பு, சன்ஷேடு, பரண் ஆகியவற்றை அப்படித்தான் வரைவார்கள். அந்தக் கோடு வரைக்கும் 10 அடி என்று எண்ணால் எழுதியிருக்கிறது.

லிண்டல் மட்டும் கனமான குறை. கையெழுத்திட்ட தாளின் வெட்டுத்தோற்றத்தில் (வீட்டைச் செங்குத்தாக வெட்டிப் பக்கவாட்டில் காட்டும் படம்) அது எல்லாச் சுவர்களிலும் தொடர்ந்து ஓடுகிறது. ஆனால் அதே வரைபடத்தின் திருத்தம் 2 உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்து, நீங்கள் "ஓகே சார்" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். தாளின் வலது கீழ்மூலையில் உள்ள கட்டத்தில் திருத்த எண்ணும் தேதியும் இருக்கும்; பிந்தைய திருத்தம் வந்தால் முந்தையது விலக்கப்பட்டதாகவே கட்டுமானத் துறையில் கொள்வார்கள். திருத்தம் 2-இன் வெட்டுத்தோற்றத்தில் லிண்டல் திறப்புகளுக்கு மேல் மட்டுமே இருக்கிறது. மாற்றங்கள் இருவரும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்ற நிபந்தனை உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதால், அந்தத் திருத்தம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதிட இடமுண்டு.

அந்த வாதத்துக்கு ஒரு விலை உண்டு, இதை நிதானமாகப் படியுங்கள். பின்புறக் கழிப்பறை இருக்கும் ஒரே தாள் அந்தத் திருத்தம் 2-தான். லிண்டலுக்காக அதை மறுத்துவிட்டு, கழிப்பறைக்காக அதையே ஏற்க முடியாது. உள்ளாட்சி அமைப்பு அனுமதித்த வரைபடத்திலோ அந்தக் கழிப்பறை அறவே இல்லை; அங்கே பின்புறத் திறந்தவெளி என்று காட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் கேட்டு, நீங்கள் பணம் கொடுத்துக் கட்டிய அனுமதியற்ற பகுதி அது. கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தொடங்குவதே அங்கிருந்துதான்.

நான் கண்ட கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இது. அறை குறைந்துவிட்டது என்ற கோபத்தில், சீல் வைத்த தாள் என்பதற்காக அனுமதி வரைபடத்தையே முதல் சான்றாவணமாகத் தாக்கல் செய்கிறார்கள். பிறகு இடத்தைப் பார்வையிட நியமிக்கப்படும் வழக்கறிஞர் ஆணையர் ஒரு பொறியாளருடன் வந்து அளக்கிறார். அவர்கள் படுக்கையறையோடு நிற்பதில்லை. வீட்டைச் சுற்றி வந்து நான்கு பக்கத் திறந்தவெளியையும் அளந்து அறிக்கையில் எழுதுகிறார்கள். அந்த அறிக்கையின் சான்றிட்ட நகலை ஒப்பந்தக்காரர் உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்தால், தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 56-ஆம் பிரிவின்படி அகற்றச் சொல்லும் அறிவிப்பு வீட்டு உரிமையாளரான உங்கள் பெயருக்குத்தான் வரும். வழக்கை நீங்களே தொடுத்து, வரைபடத்தை நீங்களே கொடுத்திருப்பதால், மறுக்கவும் வழியிராது. அனுமதியை மீறிய கட்டுமானத்தைக் காலம் கடந்ததையோ செலவழித்த பணத்தையோ காட்டி நியாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கண்டிப்பாகக் கூறியிருக்கிறது. பத்து அங்குலத்துக்காகப் போய் ஒரு கழிப்பறையை இடித்துவிட்டுத் திரும்பும் நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதே என் கவலை.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: வழக்கு வேண்டாம், சமரசம் செய்துகொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு கால வரம்பு உண்டு, மாவட்ட ஆணையத்தின் வரம்பான 50 லட்சத்துக்குள்ளும் நீங்கள் இருக்கிறீர்கள். அந்தக் கதவு உடனே மூடிவிடாது. அதற்குள் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரைத் தனியாக அழைத்து, பின்புறக் கட்டுமானம் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்குள் அடங்குமா என்று பாருங்கள். அடங்கினால் திருத்திய அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அடங்காவிட்டால், அறிவிப்பு வருவதற்கு முன் நீங்களே அகற்றுவது மலிவு. லிண்டல் இல்லாத சுவர்களுக்கு என்ன வலுவூட்டல் தேவை, அதற்கு என்ன செலவாகும் என்பதையும் அவரிடமே எழுத்தில் வாங்குங்கள்.

அந்தத் தொகையைக் கடைசித் தவணையில் கழிப்பதுதான் பேச்சுவார்த்தையில் உங்கள் கோரிக்கையாக இருக்க வேண்டும். படுக்கையறையையும் போர்டிகோவையும் அந்த மேசையில் எடுக்காதீர்கள். எடுத்தால் லிண்டலின் கனமும் சேர்ந்து குறையும். 3.5 லட்சத்தையும் காலவரையின்றிப் பிடித்து வைக்க வேண்டாம். நீங்கள் எந்தக் காரணமும் எழுதிக் கொடுக்காமல் இருந்தால், பாக்கி கேட்டு அவர்தான் முதலில் வழக்குத் தொடுப்பார், உங்கள் குறைகள் பிற்சிந்தனையாகத் தோன்றும். பொறியாளரின் அறிக்கையை இணைத்து, பதிவு வசதியுள்ள விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதில் பின்புறக் கட்டுமானத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

சமரச ஒப்பந்தத்தில், "உள்ளாட்சிக்குப் புகார் செய்யமாட்டேன்" என்று ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் முன் அது நிற்காது. விதிமீறலை நீங்கள் அறிந்தே இருந்தீர்கள் என்பதற்குக் கையெழுத்துள்ள சாட்சியாக மட்டும் மிஞ்சும். அதற்குப் பதிலாக, இருவரும் சேர்ந்து அளந்த உள்கூடு அளவுகளைக் கட்டி முடித்த நிலை வரைபடமாகப் புதிதாக வரையச் செய்து, ஒவ்வொரு தாளிலும் இருவரும் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். கம்பி விவரம் உள்ள கட்டமைப்பு வரைபடங்களின் மூலப்படிகளையும் பெற்றுக்கொண்ட பிறகு கடைசிக் காசோலையைக் கொடுங்கள்.