சிங்கப்பூர் மாமாவின் பணத்தை டிரஸ்ட் கணக்கில் வாங்கலாமா?

அவர் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர் என்றால் முடியாது. உங்கள் வலிநிவாரண சிகிச்சை டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை என்கிறீர்கள். மாமா போட்ட 50,000 ரூபாயை பேங்க் திருப்பி அனுப்பியதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

முதலில் அவர் எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் கவலை இல்லை. சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை பேங்கில் காட்டிப் பேசுங்கள். ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) மட்டும் இருந்தால் அவர் வெளிநாட்டவர்தான், ரூபாயாகவே கொடுத்தாலும்.

அப்பா கணக்குக்கு வரவழைத்து மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். கை மாறினாலும் அது வெளிநாட்டுப் பணமாகவே பார்க்கப்படும், மாட்டுவது டிரஸ்ட்தான்.

பதிவு வாங்கப் பொதுவாக 3 வருடச் செயல்பாடும், அந்த 3 நிதியாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். அப்புறம் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு வேறு. நர்ஸ் வண்டிக்குப் பெட்ரோல் போடவே திணறும் டிரஸ்டுக்கு இது அதிகம்தான்.

மாமா இப்போதே கொடுக்க விரும்பினால், பதிவுள்ள வேறு வலிநிவாரண அமைப்புக்கு நேரடியாகத் தரலாம். ஆனால் அவர்கள் அதை உங்களுக்கு மாற்றித் தர முடியாது. எஃப்.சி.ஆர்.ஏ.வில் வந்த 2020 திருத்தம் அதைத் தடுக்கிறது.