முகத்துவாரம் தூர்வதற்குச் சுரங்கம்தான் காரணமா? படத்தில் எப்படிப் பார்ப்பது

கேள்வி: ஆற்றின் மேற்பகுதியில் சுரங்கம் தோண்டத் தொடங்கியதிலிருந்து எங்கள் முகத்துவாரம் தூர்ந்துகொண்டே வருகிறது. படகு தரை தட்டுகிறது. கேட்டால், மழையில் அடித்துவரும் மண் என்கிறார்கள். இலவசச் செயற்கைக்கோள் படங்களை வைத்து இதைச் சரிபார்க்க முடியுமா?

பதில்: பெரும்பகுதி முடியும். ஆனால் படம் காட்டுவது நீரின் மேற்பரப்பில் மிதக்கும் கலங்கலைத்தான். அடியில் எத்தனை அடி சேறு படிந்தது என்று அது சொல்லாது. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு வாதாடினால், எதிர்த்தரப்பு அங்கேதான் பிடிக்கும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர், ஏறக்குறைய 5 நாளுக்கு ஒரு படம். சுரங்கம் அதற்கு முந்தையது என்றால் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் பக்கம் போங்கள். 30 மீட்டர்தான், ஆனால் 1984 வரை பின்னோக்கிப் போகலாம். தோண்டுவதற்கு முந்தைய படம் இல்லாமல் எதையும் நிறுவ முடியாது.

கலங்கலைச் சிவப்பு அலைவரிசையில், அதாவது சிவப்பு ஒளியை மட்டும் பதிவுசெய்த படத்தில், பாருங்கள். வண்டல் கூடக் கூட அது வெளுத்துத் தெரியும். சேறு மிக அடர்த்தியானால் சிவப்பில் வெளுப்பு ஒரு கட்டத்துக்கு மேல் கூடாமல் நின்றுவிடும், அப்போது கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படம் உதவும். 2015 நவம்பர் 5 அன்று பிரேசிலில் இரும்புத்தாதுக் கழிவு அணை உடைந்து, டோசே ஆறு வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய சேறு அட்லாண்டிக்கில் கலந்தபோது, கடலில் விரிந்த பழுப்பு நிறம் செயற்கைக்கோள் படங்களில் தெளிவாகத் தெரிந்தது.

சரி, மழை என்ற வாதம்? அதற்குப் பதில் பக்கத்து ஆற்றில் இருக்கிறது. அதே மழை பெய்யும், சுரங்கம் இல்லாத ஓர் ஆற்றின் முகத்துவாரத்தை அதே நாள் படத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உங்கள் ஆற்றிலேயே சுரங்கத்துக்கு மேலும் கீழும் பாருங்கள். ஆறு 40 மீட்டராவது அகலம் இருந்தால்தான் இது நடக்கும். என் அனுபவத்தில் இன்னும் வலுவான தடயம், பல நாள் மழையே இல்லாதபோது தெரியும் கலங்கல். அந்தத் தேதிகளைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

பலர் ஏமாறுவது ஓதத்தில், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதில். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள கரையில், ஓதம் ஒரு மீட்டர் இறங்கினாலே நீர்க்கோடு கரையிலிருந்து 100 மீட்டர் கடல் பக்கம் விலகிவிடும். படத்தில் அது 10 புள்ளி. புதிதாக மேடு விழுந்ததுபோலவே தோன்றும். அதனால் ஒரே ஓத நிலை, ஒரே பருவம் உள்ள படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். தெளிந்த ஆழமற்ற நீரில் அடிமணலும் வெளுப்பாகத் தெரியும், அதைக் கலங்கல் என்று எண்ணிவிடாதீர்கள். மேகம் மூடிய நாட்களில் சென்டினல்-1 ரேடார் படம் கரைக்கோட்டைக் காட்டும், கலங்கலைக் காட்டாது.

அப்புறம், படிந்த சேற்றின் கணக்கை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஈயக்குண்டு கட்டிய கயிறு, ஜிபிஎஸ் உள்ள கைப்பேசி போதும். பத்து இடங்களைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஒரே ஓத நிலையில் ஆழம் பாருங்கள். சென்டினல்-2 கடக்கும் நாளில், அது வரும் காலை பத்தரை மணியை ஒட்டி, ஒரு லிட்டர் நீர் எடுத்து வடிகட்டி, உலர்த்தி, எடை போடச் சொல்லுங்கள். அந்த எடை கையில் இருந்தால்தான் படத்தின் வெளுப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் வண்டல் என்று சொல்ல முடியும்.