நாலு பல் டெம்பரரி பிரிட்ஜ் (நிரந்தரமானது வர்ற வரைக்கும் மாட்டுற தற்காலிகப் பல் வரிசை) ரெண்டு தடவ உடஞ்சிருச்சுன்னு கேட்டவருக்கு

மூணு வாரத்துல ரெண்டு தடவ உடஞ்சா கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா அதுக்காக டாக்டர மாத்த வேணாம்ங்க, மெட்டீரியல மாத்தச் சொல்லிப் பாருங்க. க்ளினிக்லயே கன்ல அமுக்கி சில நிமிஷத்துல செஞ்சு மாட்டுனாங்கன்னா அது பெரும்பாலும் பிஸ்-அக்ரில்ங்கற பிசின்தான், ஒத்தப் பல்லு மேல மாட்டுற உறைக்கு ரொம்ப நல்லது, செட் ஆகும்போது சூடு கம்மி, சுருக்கமும் கம்மி, ஆனா நொறுங்குற குணம், நாலு பல் நீளம்னா ரெண்டு பல் சேர்ற மெலிசான இடத்துல பட்டுனு விட்டுரும். இன்னும் மூணு மாசம் தாங்கணும்ங்கறீங்க, லேப்ல மில் பண்ண பிஎம்எம்ஏ (ஒரு வகை அக்ரிலிக் பிளாஸ்டிக்) கேளுங்க, கெட்டியான ப்ளாக்க மிஷின்ல கடஞ்சு எடுக்குறது, காசு கூடத்தான், ஆனா நின்னு உழைக்கும். ஒட்டுற சிமெண்ட்டும் யூஜினால் இல்லாததா இருக்கட்டும் (கிராம்பு வாசன வந்தா யூஜினால் இருக்கு), யூஜினால் அக்ரிலிக்க இளக்கும். உடஞ்ச துண்ட தூக்கிப் போட்டுறாதீங்க, கையோட எடுத்துட்டுப் போய் காட்டுங்க.